இரண்டு கடலை மிட்டாய், இரண்டு படம்: நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது எப்படி?

தீபாவளி முடிந்த வாரம் எங்கள் வீட்டில் முறுக்கு டப்பாக்கள் வரிசையாக நிற்கும். அம்மா சுட்டது ஒன்று, அத்தை கொடுத்தனுப்பியது ஒன்று, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது ஒன்று, போதாததற்குக் கடையில் வாங்கியது ஒன்று. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். ஒரு வருடம் நான்கையும் ஒரே மாதிரித் தட்டுகளில் வைத்து, எது யாருடையது என்று சொல்லாமல் கொடுத்தேன். பல வருடமாக முறுக்குச் சுடும் அத்தையால் தன் கை முறுக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் முழுக்கப் பேச்சு வேறு மாதிரி போனது. "இதுல ஓமம் தூக்கலா இருக்கு", "இது உடையுது, அது நொறுங்குது" என்று ஆளுக்கு ஆள் கவனித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதிலிருந்து இது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு முறை ஒரே வகைத் தின்பண்டம் இரண்டு. அந்த வாரமே ஒரே கதையோ ஒரே கருவோ உள்ள படம் இரண்டு. புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு, நாங்கள் செய்து பார்த்துக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஜோடியைத் தேர்ந்தெடுப்பது

எனக்குத் தெரிந்து இதுதான் மொத்த வேலையில் முக்கால் பங்கு. இங்கே அவசரப்பட்டால் பின்னால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பலன் இல்லை.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது, இரண்டும் முறுக்கு வகைதானே என்று முள்ளு முறுக்கையும் தேன்குழலையும் எதிரெதிரே வைப்பது. இரண்டும் குழலில் பிழிந்து எண்ணெயில் சுடுவதுதான். ஆனால் மாவு வேறு, அச்சு வேறு, கடிக்கும்போது வாயில் நடப்பதும் வேறு. "எனக்குத் தேன்குழல்தான் பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து எதுவும் தெரியவராது. அது அவருக்கு முன்பே தெரிந்த விஷயம். முடிந்த அளவு எல்லாம் ஒன்றாக இருந்து, ஒன்றிரண்டு மட்டும் மாறியிருக்கும் ஜோடிதான் வேண்டும்.

அதனால் முதல் முறைக்குக் கடலை மிட்டாயைத்தான் சிபாரிசு செய்வேன். உள்ளே இருப்பதே இரண்டு பொருள்: நிலக்கடலை, வெல்லம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரிலேயே இரண்டு வேறு கடைகளில் செய்ததை வாங்கிக்கொள்ளுங்கள். பொருளும் செய்முறையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், நீங்கள் உணரும் வேறுபாடு பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்துதான் வரும். ஒன்று கடலையை எவ்வளவு வறுத்தார்கள் என்பது, இன்னொன்று பாகை எந்தப் பதத்தில் இறக்கினார்கள் என்பது. பாகு சரியாக முற்றியிருந்தால் மிட்டாய் 'டக்'கென்று உடையும். ஒரு நிமிடம் முன்னால் இறக்கியிருந்தாலும் பல்லில் ஒட்டி இழுக்கும். அதிகம் போனால் கசப்பு தட்டும். ஒரே ஒரு வேறுபாட்டை நாக்கு இப்படித் தனியாகப் பிடிக்கப் பழகிவிட்டால், பிறகு சிக்கலான பண்டங்களுக்குப் போகலாம்.

அடுத்த கட்டத்துக்கு முறுக்கு நல்லது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை ஒரு முறை அரை வேக்காடாகச் சுட்டு எடுத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். அந்த இரண்டாவது சூடுதான் அதன் மொறுமொறுப்புக்குக் காரணம். அதே அரிசி மாவு, சீரகம், ஓமம், எள் போட்டு வீட்டில் ஒரே முறை சுட்டதைப் பக்கத்தில் வைத்தால், இரட்டைப் பொரிப்பு என்ன செய்கிறது என்பதைப் படிக்க வேண்டியதில்லை, பல்லே சொல்லிவிடும்.

படத்துக்கும் இதே விதிதான். ஆனால் 'ஒரே மாதிரிப் படம்' என்பதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, மூலமும் மறுஆக்கமும். மற்றொன்று, ஒரே கருவை இரண்டு குழு தனித்தனியாக எடுத்தது. 1998-ல் பூமியை நோக்கி விண்பொருள் ஒன்று வருவதாக இரண்டு ஹாலிவுட் படங்கள் வந்தன. மே மாதம் 'டீப் இம்பாக்ட்', ஜூலையில் 'ஆர்மகெடான்'. முதலாவதில் வால்நட்சத்திரம், இரண்டாவதில் சிறுகோள். ஒன்று பூமியில் காத்திருக்கும் மனிதர்களோடு அதிக நேரம் இருக்கிறது. மற்றது துளையிடும் தொழிலாளர்களோடு விண்வெளிக்குப் போய்விடுகிறது. இந்த வகை ஜோடி சுவையானதுதான், ஆனால் இயக்குநர், நடிகர்கள், கதை, நோக்கம் எல்லாமே மாறிவிடுவதால் எந்த மாற்றத்தால் எது நடந்தது என்று சொல்வது கடினம். புதியவர்கள் மறுஆக்கத்தில் தொடங்குவதே நல்லது.

அதிலும் முதல் ஜோடியாக நான் சொல்வது மலையாள 'த்ருஷ்யம்' (2013), தமிழ் 'பாபநாசம்' (2015). இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப். காவல்துறை உயர் அதிகாரியாக இரண்டிலும் ஆஷா சரத்தே நடித்திருக்கிறார். இளைய மகளாக வருவதும் இரண்டிலும் எஸ்தர் அனில்தான். கதையும் காட்சி வரிசையும் பெரிதாக மாறவில்லை. அப்படியென்றால் மீதி என்ன? கேபிள் டிவி நடத்தும் குடும்பத் தலைவராக மோகன்லாலா கமல்ஹாசனா, ஊர் இடுக்கிப் பக்கமா திருநெல்வேலிப் பக்கமா, பேச்சு எது என்பவைதான். கடலை மிட்டாயைப் போலவே கணக்கு சுலபமாகிவிடுகிறது.

வாங்கும்போது

இரண்டு பாக்கெட்டையும் ஒரே நாளில் வாங்குங்கள். தயாரித்த தேதி ஒரு வாரத்துக்கு மேல் விலகியிருக்க வேண்டாம். ஒரு முறை எங்களுக்கு ஒரு பாக்கெட் நமத்துப்போய் வந்தது. அதைத் தோற்றதாக எழுதிவிட்டோம். பிறகுதான் தேதியைப் பார்த்தோம். தோற்றது மிட்டாய் அல்ல, கடை அலமாரி. மறுபடி புதிதாக வாங்கி முதலிலிருந்து செய்ய வேண்டியதாகிவிட்டது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், ஆனால் சாப்பிடுகிறவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நம் நாட்டில் உள்ளடக்கப் பொருட்களை எடையின் இறங்கு வரிசையில் போட வேண்டும். முதலில் கடலை இருக்கிறதா வெல்லம் இருக்கிறதா, லிக்விட் குளுக்கோஸ் சேர்த்திருக்கிறார்களா, காரவகை என்றால் எந்த எண்ணெய் என்பதையெல்லாம் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் விடையை ஒத்துப் பார்க்க உதவும். நிகர எடையும் விலையும் எழுதி 100 கிராமுக்கு என்ன விலை என்று போட்டுப் பாருங்கள். ஒரே விலைக்கு விற்கும் இரண்டு பாக்கெட்டில் எடை ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அழைக்கும்போதே, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலையும் கெட்டி மிட்டாயும் தொண்டையில் சிக்கும், அவர்களை இதில் சேர்க்க வேண்டாம்.

சாப்பிடுகிற நாள்

ஒருவர் மட்டும் பரிமாறுபவர். அவர் சாப்பிடக் கூடாது, முகத்திலும் எதையும் காட்டக் கூடாது. அவர் சமையலறையில் மிட்டாயைப் பிரித்து, அச்சும் வடிவமும் தெரியாதபடி ஒரே அளவுத் துண்டுகளாக உடைத்துக் கிண்ணங்களில் போட வேண்டும். கிண்ணத்துக்கு 1, 2 என்றோ அ, ஆ என்றோ பெயர் வைக்காதீர்கள். முதல் எண்ணும் முதல் எழுத்தும் உயர்ந்தது என்று மனம் தானாக நினைத்துக்கொள்ளும். 417, 862 என்பது போல மூன்று இலக்க எண் போடுங்கள். உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

யார் எதை முதலில் சாப்பிடுவது என்பதும் முக்கியம். பசியோடு வாயில் போடும் முதல் துண்டு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக ருசிக்கும். ஆறு பேர் இருந்தால் மூன்று பேர் 417-ல் தொடங்கட்டும், மூன்று பேர் 862-ல் தொடங்கட்டும். நடுவில் சாதாரணத் தண்ணீர் குடித்து, வெறும் பொரி ஒரு கை சாப்பிடலாம். காராசேவு போன்ற காரம் என்றால் தண்ணீர் போதாது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஒரு வாய் தயிரோ பாலோ குடித்து ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அதனால்தான் காரவகையை நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு ஜோடிக்கு மேல் எடுப்பதில்லை.

எது பிடித்தது என்று உடனே கேட்காதீர்கள். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இரண்டும் வேறு என்பதாவது உங்களுக்குத் தெரிகிறதா? இதற்கு மூன்று கிண்ணச் சோதனை இருக்கிறது. மூன்று கிண்ணம் வையுங்கள். இரண்டில் ஒரே மிட்டாய், ஒன்றில் மற்றது. எது தனி என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு சரியாக வந்துவிடும். ஆறு பேரில் இரண்டு பேர் சரியாகச் சொல்வது வெறும் யூகத்திலேயே நடக்கும். நான்கு பேராவது சரியாகச் சொல்வதும் யூகத்தில் பத்தில் ஒரு முறை நடக்கக்கூடியதுதான். ஐந்து பேர் சரியாகச் சொன்னால் நம்பலாம். எங்கள் வீட்டில் இரண்டு முறை, எதிரெதிர் அணியாகப் பேசிக்கொண்டிருந்த பண்டங்களுக்கு நடுவே ஆறு பேரில் இரண்டு பேராலேயே வித்தியாசம் சொல்ல முடிந்தது. அந்த ஜோடிகளை அத்தோடு விட்டுவிட்டோம்.

வேறுபாடு தெரிந்தது என்றால், என்ன வேறுபாடு என்று ஒவ்வொருவரும் பேசாமல் தாளில் எழுதட்டும். பேசினால் வீட்டில் மூத்தவர் சொன்னதே எல்லோருடைய கருத்தாகிவிடும். என்ன எழுதுவது என்று விழிப்பவர்களுக்கு நான் கொடுக்கும் வரிசை இது: உடையும் சத்தம், முதல் கடி, மெல்லும்போது பல்லில் ஒட்டுகிறதா, கடலையின் வறுபட்ட வாசனை, வெல்லத்தின் இனிப்பு சட்டென்று வருகிறதா மெல்ல வருகிறதா, விழுங்கிய பிறகு நாக்கில் என்ன மிஞ்சுகிறது. பழைய எண்ணெய் வாடை அடித்தால் அது இந்தக் கடைசி இடத்தில்தான் தெரியும். "நல்லா இருக்கு", "சுமார்" என்ற சொற்களுக்குத் தடை. தடை போட்டதும் எங்கள் அக்கா மகள் ஒரு மிட்டாயைப் பற்றி "மழை நாள்ல பஸ் ஸ்டாண்டுல வாங்கினது மாதிரி" என்று எழுதினாள். ஈரம் ஏறியிருந்ததை அவள் பிடித்துவிட்டாள். அதைவிடச் சரியாக யாரும் எழுதவில்லை.

ஒரு கடி போதாது

இது பலர் விட்டுவிடும் படி. 1975-ல் அமெரிக்காவில் பெப்சி நிறுவனம் மக்களிடம் இரண்டு கோப்பையைப் பெயர் சொல்லாமல் நீட்டி எது பிடிக்கிறது என்று கேட்கும் விளம்பரத்தைத் தொடங்கியது. கோக்கைவிட இனிப்புக் கூடிய பெப்சிக்கு அதில் நல்ல பெயர் கிடைத்தது. கோக் நிறுவனமும் கலங்கிப்போய், ஏறத்தாழ 2 லட்சம் சுவைச் சோதனைகள் நடத்தி, இன்னும் இனிப்பான புதிய கோக்கை 1985 ஏப்ரலில் கொண்டுவந்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். 79 நாளில் பழைய கோக் திரும்பி வந்துவிட்டது. பழக்கப்பட்ட ஒன்றைப் பறித்துக்கொண்டார்கள் என்ற கோபம்தான் பெரிது. ஆனால் சோதனையிலும் ஒரு கோளாறு இருந்தது. ஒரு மடக்கில் வெல்லும் இனிப்பு முழு பாட்டிலில் திகட்டிவிடும்.

அதனால் மறைத்து வைத்துச் சாப்பிட்ட அடுத்த நாள், இரண்டு மிட்டாயையும் ஆளுக்கு ஒன்று முழுசாகக் கொடுங்கள். டீயோடு, பேசிக்கொண்டே, வழக்கமாக எப்படிச் சாப்பிடுவார்களோ அப்படி. யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். மீதியை இரண்டு டப்பாவில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து எந்த டப்பா காலி என்று பாருங்கள். மதிப்பெண்ணையெல்லாம்விட எனக்கு இந்தக் காலி டப்பாவின் மேல்தான் நம்பிக்கை. தாளில் வென்றதும் டப்பாவில் வென்றதும் வேறாக வந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள். ஒன்றைத் திருத்தி மற்றதோடு ஒத்துப்போகச் செய்யாதீர்கள்.

படத்துக்கு வருவோம்

படத்தைப் பெயர் மறைத்துக் காட்ட முடியாது. இங்கே நம்மைச் சாய்ப்பது பெயரும் அல்ல, எதை முதலில் பார்த்தோம் என்பதுதான். சின்ன வயதில் தியேட்டரில் பார்த்த படம் மனதில் அளவுகோலாக நின்றுவிடும். பின்னால் பார்ப்பது எவ்வளவு நன்றாக இருந்தாலும் 'அது மாதிரி இல்லை' என்றுதான் படும். ஆகவே படம் போடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும், எதை முன்பு பார்த்திருக்கிறேன், எந்த வயதில், எங்கே என்று தாளின் மேல் எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்தால் இரண்டையும் பார்க்காத ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு.

முதலில் வந்ததே உயர்ந்தது, பின்னால் வந்தது நகல் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். தின்பண்டத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. நடுவில் கிரீம் வைத்த கறுப்பு பிஸ்கட் என்றால் இன்று எல்லோரும் ஓரியோ என்பார்கள். அது வந்தது 1912-ல். அதற்கு நான்கு வருடம் முன்பே, 1908-ல், ஹைட்ராக்ஸ் என்ற அமெரிக்க பிஸ்கட் அதே வடிவில் வந்துவிட்டது. பின்னாளில் மக்கள் ஹைட்ராக்ஸைத்தான் நகல் என்று நினைத்தார்கள். யார் முந்தி என்பதை வரலாற்றுக்கு விடுவோம், நம் தாளில் அது வேண்டாம்.

இரண்டு படத்தையும் ஒரே ராத்திரியில் பார்க்காதீர்கள். இரண்டாவது பாதியில் களைப்புதான் தீர்ப்புச் சொல்லும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விடலாம், ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம். அதே திரை, அதே ஒலி அளவு. ஒன்றுக்குத் துணைத்தலைப்பு தேவைப்பட்டால் மற்றதற்கும் போட்டுவிடுங்கள். கண் கீழே ஓடுவதால் நடிகரின் முகத்தை எவ்வளவு தவறவிடுகிறோம் என்பது இரண்டிலும் சமமாகட்டும். பார்த்து முடித்த பத்து நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும்.

முழுப் படத்தையும் ஒப்பிட முயலாமல் மூன்று காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மைப் பாத்திரம் முதலில் திரைக்கு வருவது, கதை திரும்பும் இடம், கடைசிக் காட்சி. 'த்ருஷ்யம்', 'பாபநாசம்' இரண்டிலும் காணாமல்போன பையனின் பெற்றோரை, அதாவது அந்தக் காவல் அதிகாரியையும் அவர் கணவரையும், குடும்பத் தலைவர் சந்திக்கும் இறுதிக் காட்சியை அடுத்தடுத்துப் பாருங்கள். மோகன்லால் பெரும்பாலும் உள்ளே அடக்கிக்கொள்கிறார். கமல்ஹாசன் உடைந்து வெளியே விடுகிறார். எழுதிய காட்சி ஒன்றுதான், இயக்கியவரும் ஒருவர்தான். எங்கள் வீட்டில் இதற்கு வாக்கு சரிபாதியாகப் பிரிந்தது. மூன்று பேருக்கு அந்த அழுகை அந்த மனிதனின் பாரத்தை இறக்கியது, மூன்று பேருக்கு அடக்கம்தான் பயத்தைக் கூட்டியது. எனக்கு இன்றும் அடக்கம்தான்.

அடுத்த ஜோடி, நான் மிகவும் விரும்புவது. ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரதாழ்' 1993-ல் மலையாளத்தில் வந்தது. ஷோபனாவுக்கு அதில் தேசிய விருது கிடைத்தது. பி.வாசு அதை 2004-ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும், 2005-ல் தமிழில் 'சந்திரமுகி' என்றும் எடுத்தார். இங்கே ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்: பழைய வீட்டில் ஆவியாக உலவுவதாகச் சொல்லப்படும் அந்த நாட்டியக்காரி என்ன மொழி பேசுகிறாள்? மலையாளத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, அவள் பேசுவது தமிழ். தமிழுக்கு வரும்போது அதை அப்படியே வைத்தால் வேலைக்கு ஆகாது. வீட்டுக்குள் திடீரென்று வேறொரு மொழி கேட்க வேண்டும், அதுதானே திகில்? அதனால் சந்திரமுகி ஆந்திரப் பக்கத்து விஜயநகரத்துக்காரியாகித் தெலுங்கு பேசுகிறாள். இந்தியில் 2007-ல் வந்த 'பூல் புலையா'வில் அதே இடத்தில் வங்காளம். சரி, இப்போது மறுபடி மலையாளப் படத்தைப் போடுங்கள். மலையாளிக்கு அயலாகக் கேட்க வேண்டிய குரல், நமக்குத் தாய்மொழியாகக் கேட்கிறது. படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்கள் கேட்டது நமக்குக் கேட்கவே கேட்காது. எங்கள் அத்தை, "அவ பேசுறது எனக்குப் பயமா இல்ல, பாவமா இருக்கு" என்றார். இந்தப் படத்தைத் தமிழர்கள் பார்க்கும் விதமே வேறு என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதே ஜோடியில் இன்னொன்றையும் கடிகாரம் வைத்துக் குறிக்கலாம். மலையாளத்தில் மனநல மருத்துவராக வரும் மோகன்லால், படம் வெகுதூரம் போன பிறகுதான் திரைக்கு வருகிறார். அதுவரை அந்த வீடுதான் கதாநாயகன். தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையும் பாட்டுமாக வந்துவிடுகிறார். இரண்டிலும் அவர் திரைக்கு வரும் நிமிடத்தை எழுதி, பக்கத்தில் 'எனக்கு முதலில் பயம் வந்த நிமிடம்' என்று இன்னொரு வரிசை போடுங்கள். இரண்டு எண்ணுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது, எந்த விமர்சனத்தைப் படிப்பதைவிடவும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

தாளை என்ன செய்வது

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். ஒருவரின் ஏழும் இன்னொருவரின் ஏழும் ஒன்றல்ல. அதற்குப் பதில் எல்லோரும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகிறோம்: காசு கொடுத்து மறுபடி வாங்குவது என்றால் எதை, மறுபடி உட்கார்ந்து பார்ப்பது என்றால் எதை? பக்கத்தில் ஒரு வரிக் காரணம். அப்புறம் பரிமாறியவர் எண்களுக்கு உரிய பெயர்களைச் சொல்லலாம், பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்துக் காட்டலாம். பெயர் தெரிந்த பிறகு எழுதியதை மாற்றக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

தாள்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல், அதே ஜோடியை ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். கடலை மிட்டாய் விஷயத்தில் எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் பக்கம் மாறினார்கள். அதில் ஒருவருக்கு இடையில் பல் கட்டியிருந்தது, கெட்டி மிட்டாய் அவருக்கு இனி ஒத்துவராது. இன்னொருவர் ஏன் மாறினார் என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்காகவே அடுத்த மாதம் மூன்று கிண்ணத்தை மறுபடி வைக்கப் போகிறோம்.